ஒன்பது வாயில் நகரும் திருவரங்கத் திருவீதிகளும்

உடம்பினை ஒரு நகரமாக வைத்துக் கூறுதல் பாரத நாட்டின் மிகப் பழைய வழக்கு. எட்டுச் சக்கரங்களும் ஒன்பது வாயில்களும் உடைய தேவர்களின் நகரம் என்று அதர்வ வேதம் உடம்பைக் குறிக்கின்றது. அந்நகருக்கு அது தரும் பெயர் அயோத்தி. கடோபநிடதம் வாயில்கள் பதினொன்று என எண்ணும். கொப்பூழையும் உச்சிக்குழியையும் சேர்த்து எண்ணுவதால் வந்த வேறுபாடு அது. பகவத்கீதையின் ஐந்தாம் அத்தியாயமும் ஆன்மாவை ஒன்பது வாயில் நகரில் அமர்ந்திருப்பது என்றே சுட்டுகின்றது. திருமூலர் உடம்பைக் கோயிலாகக் கண்டார். ஆகம நூலார் இதனை மறுதலையாக வைத்து, கோயிலையே உடம்பாக வகுத்தனர். கருவறை தலை; அர்த்தமண்டபம் கழுத்து; மகாமண்டபம் மார்பு; இராசகோபுரம் திருவடி. கோபுரத்தைக் கண்டவுடன் அடியார்கள் கைகூப்புவதன் காரணம் இதனால் விளங்கும்.

இவற்றுள் உடம்பை நகரமாக வைத்து ஒரு முழுப் பாடமே நடத்திய இடம் ஸ்ரீமத் பாகவதத்தின் நான்காம் கந்தமாகும். வேள்வி செய்வதிலேயே காலம் கழித்த பிராசீனபர்கி என்னும் அரசனுக்கு நாரத முனிவர் கூறிய புரஞ்சனன் கதை அது.

புரஞ்சனன் என்பான் ஓர் அரசன். அவனுக்கு அவிஞ்ஞாதன் என்றொரு நண்பன் இருந்தான். 'அறியப்படாதவன்' என்பது அப்பெயரின் பொருள். வாழ்வதற்கேற்ற ஊர் தேடிப் புரஞ்சனன் உலகெங்கும் அலைந்து, இமயத்தின் தென்சாரலில் ஒன்பது வாயில்கள் உடைய ஓர் அழகிய நகரைக் கண்டான். அங்கே ஒரு நங்கை பத்துப் பணியாளர் சூழ உலாவிக்கொண்டிருந்தாள். ஐந்து தலை நாகமொன்று உறங்காது அந்நகரைக் காத்து நின்றது. அரசன் அவளை மணந்து அந்நகரிலேயே தங்கினான், நண்பனை மறந்தான்.

வாயில்களின் அமைப்பை நாரதர் கூறும் திறம் வியப்புக்குரியது. கிழக்கே ஐந்து வாயில்கள்: இரண்டு கண், இரண்டு நாசித்துளை, ஒரு வாய். தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று: வலச்செவியும் இடச்செவியும். மேற்கே இரண்டு: கழிவு நீங்கும் வழிகள். கிழக்கு நோக்கி நிற்கும் ஒருவனை மனத்தில் வைத்துப் பார்த்தால் திசைகள் தாமே பொருந்தும். நங்கை என்பது புத்தி. பணியாளர் பதின்மர் ஐம்பொறிகளும் கை, கால் முதலிய தொழிற்கருவிகள் ஐந்தும். நாகம் என்பது பிராணன் முதலாய ஐவகைக் காற்று.

பின்னர்ச் சண்டவேகன் என்பான் 360 கந்தருவ வீரரோடும் 360 கந்தருவ மகளிரோடும் படையெடுத்து வந்தான். ஓராண்டின் பகல்களும் இரவுகளுமே அப்படை. அந்த 720 பேரையும் ஐந்து தலை நாகம் தனியே நின்று நூறாண்டு எதிர்த்தது. காலகன்னிகை என்னும் முதுமை நகரினுள் புகுந்தாள். பிரஜ்வரன் என்னும் காய்ச்சல் தீயிட்டான். களைத்த நாகம் நகரை விட்டு நீங்கியது. அரசன் என்னும் உயிரும் நிற்க இடமின்றிப் புறப்பட்டான்.

நாரதர் இதனைப் பற்றறுக்கும் பொருட்டுச் சொன்னாரேயன்றி உடற்கூறு கற்பிக்கும் பொருட்டன்று. ஆயினும் இந்த முறையைப் பிற்காலத்தார் உடற்கூறு கற்பிக்கவும் கைக்கொண்டனர். ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஃபிரிட்ஸ் கான் என்பார் 1926-இல் மனித உடலை ஒரு பெரிய தொழிற்சாலையாகத் தீட்டுவித்த படம் உலகப் புகழ் பெற்றது. நம் பள்ளிகளிலும் மூளையை மாநகராட்சி அலுவலகம் என்றும், இதயத்தை நீரேற்று நிலையம் என்றும், நரம்பைத் தொலைபேசிக் கம்பி என்றும் எழுதிப் போடும் பாடங்கள் உண்டு. மாணாக்கர் இவ்விணைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவர். இதயம் என்ன செய்கின்றது என்று குறுக்குக் கேள்வி கேட்டால் விழிப்பர். குறை மாணாக்கரிடத்து இல்லை, உவமையிடத்தே உள்ளது.

தொல்காப்பியத்தின் உவமையியல், தொழில், பயன், வடிவம், நிறம் என்னும் நான்கின் அடியாக உவமை பிறக்கும் என்கின்றது. வடிவம் பற்றியும் நிறம் பற்றியும் வரும் உவமை கண்ணுக்கு இனிது. உடம்பு போன்று ஓயாது இயங்கும் ஒன்றை விளக்கத் தொழிலும் பயனும் பற்றிய உவமையே உதவும். ஒப்புமை தொழிலில் பொருந்தாவிடின், கற்பவன் தவறாகவே கற்பான். அத்தவறு எவ்வளவு காலம் நிலைக்கக்கூடும் என்பதற்கு உலக வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு.

வயல் என்ற உவமை

கிரேக்க நாட்டு அறிஞர் பிளேட்டோ, ஏறத்தாழ 2,350 ஆண்டுகட்கு முன் எழுதிய 'டிமாயஸ்' என்னும் நூலில் உடம்பை நகரமாகவே கண்டார். தலை, நகரின் உச்சிக் கோட்டை. கழுத்து, இரு நிலங்களை இணைக்கும் குறுகிய நிலம். இதயம், காவலர் கூடம். இரத்தக் குழாய்களை மட்டும் தோட்டத்தில் வெட்டிய வாய்க்கால்கள் என்றார். அவருக்குப் பின் வந்த அரிஸ்டாட்டிலும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருமருத்துவர் கேலனும் அதே உவமையை மேற்கொண்டனர்.

காவிரிக் கரையில் வாழ்வார்க்கு இவ்வுவமை உடனே மனம் கொள்ளும். முக்கொம்பில் பிரியும் நீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கண்ணிக்கும், கண்ணியிலிருந்து வயலுக்கும் பாய்கின்றது. உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சிராப்பள்ளி நகரினூடே ஓடிச் சோழர் காலந்தொட்டு வயல்களுக்கு நீர் தருகின்றது. வயல் நீரைக் குடித்துவிடுகின்றது. குடித்த நீர் முக்கொம்புக்குத் திரும்புவதில்லை. எனவே இரத்தமும் அவ்வாறே என்று கேலன் கொண்டார். உணவிலிருந்து கல்லீரல் நாள்தோறும் புதிய இரத்தத்தை ஆக்குகின்றது. அது குழாய் வழியே சென்று உறுப்புகளால் உண்ணப்பட்டுத் தீர்ந்துபோகின்றது என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய மருத்துவம் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அதனையே நம்பிற்று. அறிவில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். பொருந்தாத உவமை கண்ணை மறைத்துவிட்டது எனலாம்.

1628-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகின்றது, அரைமணியில் எத்தனை முறை துடிக்கின்றது என்று பெருக்கிப் பார்த்தால், உடம்பிலுள்ள மொத்த இரத்தத்தினும் அது மிகுதியாகின்றது. இன்றைய அளவைகளின்படி ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர். நாளொன்றுக்கு 7,000 லிட்டர். உடம்பில் உள்ளதோ ஐந்து லிட்டர் இரத்தமே. 7,000 லிட்டர் இரத்தத்தை அன்றாடம் புதிதாக ஆக்குதற்கு எந்த வயிறும் போதாது. ஆகவே சென்ற இரத்தமே திரும்பி வருதல் வேண்டும் என்று அவர் துணிந்தார். போகும் குழாயும் வரும் குழாயும் எங்கே கூடுகின்றன என்பதை மட்டும் அவரால் காண இயலவில்லை. அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 1661-இல், இத்தாலியரான மால்பிகி உருப்பெருக்காடி கொண்டு தவளையின் நுரையீரலில் அந்த மயிரினும் நுண்ணிய தந்துகிக் குழாய்களைக் கண்டார்.

வயல் என்ற உவமை போயிற்று. அதன் இடத்தில் வைப்பதற்குத் திருவரங்கத்தார் தொலைவில் தேட வேண்டுவதில்லை. வீட்டு வாயிலில் நின்றாலே போதும்.

இரண்டு தேர்கள்

திருவரங்கம் ஏழு திருமதில்களும் 21 கோபுரங்களும் கொண்ட கோயில் நகரம். உள்ளே இருப்பவை சந்நிதிகளும் மண்டபங்களும். வெளிச்சுற்றுகளிலோ உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளைந்தான் வீதிகள் என மக்கள் குடியிருக்கும் தெருக்கள். ஏழு மதில்களையும் இரசம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு முதலிய ஏழு தாதுக்களுக்கு ஒப்பிட்டுக் கூறுவோர் உண்டு. எண்ணிக்கை பொருந்துவதால் கேட்க இனிதாக இருக்கும். ஆயின் மதில்கள் ஒன்றையொன்று சூழ்ந்து தனித்து நிற்பவை; தாதுக்களோ ஒன்றிலிருந்து ஒன்று விளைவன என்பது மருத்துவ நூலார் கொள்கை. ஆதலின் அவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்துச் செல்லுதல் கூடாது.

தேரோட்டமே பொருத்தமான உவமை. தை மாதத்துப் பூபதித் திருநாளில் நம்பெருமாளின் தேர் உத்திர வீதிகளில் ஓடும். சித்திரை மாதத்து விருப்பன் திருநாளில் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். முன்னது உட்சுற்று, பின்னது வெளிச்சுற்று. எச்சுற்றாயினும் தேர் புறப்பட்ட நிலைக்கே திரும்புதல் வேண்டும். நிலை சேராத தேரைப் பார்த்துவிட்டு ஊரார் எவரும் வீட்டுக்குப் போய் உறங்கமாட்டார்.

இரத்தவோட்டமும் இவ்வாறே இரண்டு சுற்று. இதயத்தின் வலப்பாதி, உடம்பெங்கும் சென்று கரியமிலவாயு சுமந்து கறுத்துத் திரும்பிய இரத்தத்தை அருகிலுள்ள நுரையீரலுக்கு அனுப்பி, பிராணவாயு ஏற்றித் திரும்பப் பெறுகின்றது. இது உத்திர வீதிச் சுற்று. இடப்பாதி, அவ்வாறு சிவந்து வந்த இரத்தத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்பி மீட்கின்றது. இது சித்திரை வீதிச் சுற்று. சுற்று நெடிதாயின் வடம் பிடிப்பார் தொகை மிகுதியாக வேண்டுமன்றோ? அதனாலேயே இடப்பக்கத்துக் கீழறையின் சுவர் வலப்பக்கத்ததைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பாக அமைந்துள்ளது. இதயச் சுவரின் தடிப்பு ஏன் இருபுறமும் ஒவ்வாது என்ற கேள்விக்கு வடத்தைக் காட்டிய அளவில் மாணாக்கன் தானே விடை சொல்வான். நீரேற்று நிலையம் என்ற உவமை இதற்கு விடை தாராது.

ஒரு வேறுபாடு உண்டு. திருவரங்கத்தில் தைத்தேர் வேறு காலத்தது, சித்திரைத்தேர் வேறு காலத்தது. உடம்பிலோ இரண்டும் ஒரே கணத்தில் ஓடுகின்றன. ஒன்றின் நிலையே மற்றதன் புறப்பாடு. ஓய்ந்திருக்கும் ஒருவர் உடம்பில் இரத்தம் இரு சுற்றும் முடித்து மீள ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். நாளொன்றுக்கு இதயம் துடிப்பது ஒரு லட்சம் முறை.

தேர் பின்னோக்கி உருளாதபடி சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவர். இதயத்திலும் நான்கு தடுக்கிதழ்கள் உள்ளன. இரத்தம் முன் செல்லத் திறக்கும். பின் வர முயன்றால் மூடும். மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது பெரும்பாலும் இம்முட்டுக்கட்டைகள் மூடும் ஓசையையே.

ஒரு முறை மூடும் வாயில்

திருவரங்கத்தில் மற்றெல்லா வாயில்களினும் அடியார்கள் விழைவது பரமபத வாயில். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியன்று அது திறக்கும். ஆண்டின் பிற காலத்தில் மூடியே இருக்கும். இதயத்திலும் இத்தகைய சிறப்பு வாயில் ஒன்று உண்டு. அதன் முறையோ நேர்மாறானது.

கருவிலிருக்கும் குழவி மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து கொப்பூழ்க்கொடி வழியே வருகின்றது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லையாதலின், உட்சுற்றைத் தவிர்த்து வலப்புற மேலறையிலிருந்து நேரே இடப்புற மேலறைக்குச் செல்ல ஒரு வாயில் திறந்திருக்கின்றது. குழவி பிறந்து வீறிட்டழுது முதல் மூச்சினை இழுக்கும்போது நுரையீரல் விரிகின்றது. அங்கிருந்து இரத்தம் பெருகி இடப்புறம் வருகின்றது. அதன் அழுத்தத்தால் அவ்வாயிற்கதவு சாத்திக்கொள்கின்றது. பின்னர்ப் பெரும்பாலோர்க்கு அது ஒட்டி மூடி, வாழ்நாள் முழுதும் திறப்பதில்லை.

சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளியுள்ள இறைவன் தாயுமானவர் எனப் பெயர் பெற்ற வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள். உதவிக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே தாயின் வடிவில் வந்து அருகிருந்தார் என்பது தலவரலாறு. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதுதான் முன்னம் வந்தவர் யாரென்பது தெரிந்தது. பிள்ளைப்பேற்றின் முதல் சில மணித்துளிகளில் அருகே ஒருவர் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பழங்காலத்தார் நன்கறிந்திருந்தனர். உட்சுற்று வெளிச்சுற்றோடு முதன்முதல் இணைவதும், உள்வாயில் சாத்துவதும் அந்த நேரத்திலேயே.

மடைப்பள்ளியும் களஞ்சியமும்

உணவு செரிக்கும் வகையை இங்கு விரித்தல் வேண்டா; பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. மடைப்பள்ளியில் சமைத்தது வீதிக்கு வந்து வீடு சேர்வது எவ்வாறு என்பதே நுணுகிக் காண வேண்டியது.

திருவரங்கக் கோயிலினுள் நெல் சேமித்து வைத்த உயர்ந்த வட்டக் களஞ்சியங்களை அடியார்கள் பார்த்திருப்பர். கல்லீரலே உடம்பின் களஞ்சியம். உண்டபின் மிகும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாக மாற்றி அது சேர்த்து வைக்கின்றது. பட்டினியின்போது சிறிது சிறிதாக அளந்து விடுகின்றது. ஏகாதசி நோன்பிருப்பார் பகலெல்லாம் கோயிலை வலம் வந்தும் தளராதிருப்பதற்கு இக்களஞ்சியமே காரணம். இதன் இருப்பு ஏறத்தாழ ஒரு நாளுக்குப் போதுமானது. அதன் பின்னர் உடம்பு கொழுப்பை மிகுதியாகச் செலவிடத் தொடங்கும். துவாதசிப் பாரணையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளும் முறை இதனோடு இயைந்திருப்பதைக் காண்க. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொள்பவர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் முழு நோன்பு இருத்தல் ஆகாது. களஞ்சியம் அளந்து விடுவதற்கு முன்னரே மருந்து சர்க்கரையைக் குறைத்து மயக்கம் வருவிக்கும்.

வீதியில் பிரசாதம் வருகின்றது. வீட்டார் கதவைத் திறந்து பெற்றுக்கொண்டால் பசி தீரும். கதவு திறவாவிடின்? வீதியில் பிரசாதம் குவியும். வீட்டினுள் பசி நீங்காது. நீரிழிவு என்பது இதுவே. கணையம் தரும் இன்சுலின் தசை முதலியவற்றின் கதவைத் தட்டித் திறப்பிக்கும் ஆள். அந்த ஆள் வாராமற்போதல் ஒருவகை நீரிழிவு. வந்து தட்டியும் வீட்டார் செவிகொடாமல் இருப்பது மற்றொரு வகை. நடுவயதினர்க்கு மிகுதியாகக் காண்பது இதுவே. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருக்க, உண்டவர் சோர்ந்து மெலிவது ஏன் என்ற வியப்பு இவ்வுவமையால் தீரும். நடத்தலும் உடலுழைப்பும் தசைகளின் கதவை இன்சுலின் தட்டாமலே ஓரளவு திறப்பன. திருவரங்கத்தின் நான்கு சித்திரை வீதிகளையும் விரைந்து வலம் வருவாரின் தசைகளில் அன்று நிகழ்வது அதுவே.

நாள்தோறும் போகி

குவிந்த சர்க்கரை எங்கே போகும்? இவ்விடத்தில் சிறுநீரகத்தின் தொழிலை அறிதல் வேண்டும். அதனைச் 'சல்லடை' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். சல்லடை வேண்டாததை நிறுத்தி வேண்டியதை விடும், அன்றி வேண்டாததை விட்டு வேண்டியதை நிறுத்தும். சிறுநீரகம் அவ்வாறு செய்வதில்லை.

போகிப் பண்டிகைக்கு முன் இல்லத்தரசியர் செய்வதை நினைவு கூர்க. வீட்டிலுள்ள பண்டங்களையெல்லாம் திண்ணைக்கும் முற்றத்துக்கும் கொண்டுவந்து பரப்புவர். பின் வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே எடுத்து வைப்பர். எஞ்சியது குப்பை. சிறுநீரகமும் இவ்வாறே. இரத்தத்தின் அணுக்களையும் பெரிய புரதங்களையும் மட்டும் உள்ளே நிறுத்தி, நீர், உப்பு, சர்க்கரை, கழிவு அனைத்தையும் வெளியே இறக்குகின்றது. இவ்வாறு வடியும் நீர் நாளொன்றுக்கு 180 லிட்டர். அதில் 178 லிட்டருக்கு மேலாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக விடுகின்றது. இரத்தத்தின் நீர்ப்பகுதி மூன்று லிட்டரே ஆதலின், ஒரே நாளில் அறுபது போகி கொண்டாடுகின்றது எனலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இத்தொழிலுக்கென ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணுறுப்புகள் உள்ளன.

நலமாக உள்ளவர்க்கு இறக்கிய சர்க்கரை முழுதும் திரும்ப எடுத்து வைக்கப்படுகின்றது. இரத்தச் சர்க்கரை 180 மில்லி கிராம் அளவைத் தாண்டும்போது எடுத்து வைக்கும் கைகள் போதாமல், எஞ்சியது நீருடன் வெளியேறுகின்றது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்லும். ஆகவே அடிக்கடி சிறுநீர், அதன் வழித் தாகம். நீர் இழிதலால் நீரிழிவு என்றும், தேன் போல் இனித்தலால் மதுமேகம் என்றும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் இரண்டும் இந்நிகழ்ச்சியையே குறிப்பன. எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோய் துணிந்த வைத்தியர் இருந்தனர்.

நாட்பட்ட நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இந்நுண்ணுறுப்புகளைச் சிதைக்கும். அச்சிதைவுக்கு வலி கிடையாது. பெரும்பகுதி கெட்ட பின்னரே கால் வீக்கமும் களைப்பும் தோன்றும். மக்கள் 'உப்பு கூடிவிட்டது' என்று சொல்லும் கிரியேட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் கசிகின்றதா என்பதையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வதே முன்னறியும் வழி. இரண்டும் எளிய சோதனைகள். அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுவன.

மலைக்கோட்டையும் பாலமும்

பிளேட்டோ தலையை உச்சிக் கோட்டை என்றார். திருச்சிராப்பள்ளியார்க்கு அவ்வுவமை கண்முன் 83 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. கோட்டையிலிருந்து திருவரங்கத்துக்குச் செய்தி செல்லக் காவிரிப் பாலம் வேண்டும். அது உடம்பில் கழுத்தும், அதனுள் இறங்கும் தண்டுவடமும் ஆகும். 1976-இல் அமைந்த அப்பாலம் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பழுதுபார்ப்பதற்காகச் சில மாதங்கள் மூடப்பட்டது. ஊர் நின்றுவிடவில்லை. வண்டிகள் புறவழிச்சாலைப் பாலத்தின் வழியே சுற்றிச் சென்றன. தண்டுவடத்துக்குப் புறவழிச்சாலை கிடையாது. விபத்தில் கழுத்தில் அடிபட்டவரைக் கண்டால் பரிவு மிகுந்து தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்ட முனைவார் பலர். ஆபத்து விளைவிக்கும் செயல் அது. கழுத்து அசையாதபடி கிடத்தி 108 ஊர்தியை அழைப்பதே செய்யத் தக்கது.

நகர உவமை அறவே முறியும் இடம் இதுவே. கி.பி. 1323-இல் வடக்கிருந்து வந்த படையெடுப்பால் திருவரங்கம் சூறையாடப்பட்டது. நம்பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளி, 1371-இல் திரும்பினார். இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள். இடிந்தவை மீண்டும் கட்டப்பட்டன. நின்றுபோன திருநாள்கள் மீண்டும் நடந்தன. ஊர் அவ்வளவு காலம் பொறுக்கும். இரத்தவோட்டம் அறவே நின்றால் மூளை சில நிமிடங்களே பொறுக்கும். அழிந்த மூளையணுக்களின் இடத்தில் புதியவை வந்து குடியேறுவது இல்லை என்றே கொள்ளலாம். வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தூக்க இயலாமை, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால் அது பக்கவாதத்தின் அறிகுறி. குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடங்கிய நேரத்திலிருந்து நான்கரை மணிக்குள் செலுத்துதல் வேண்டும். எப்போது தொடங்கியது என்பதை வீட்டார் குறித்துவைத்துக்கொண்டு, உரிய வசதியுள்ள மருத்துவமனைக்கே நேரே கொண்டுசெல்லல் நன்று. கண்ணேறு கழித்து, விடியட்டும் என்று காத்திருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

ஆரோக்கியசாலை

கோயிலில் மருத்துவமா என ஐயுறுவார்க்கு இரண்டு கல்வெட்டுகள் விடை கூறும். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை இருந்ததைக் குறிக்கின்றது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் என ஒவ்வொருவர்க்கும் அளந்த நெல்லும் காசும் அதில் கணக்காக உள்ளன.

மற்றது திருவரங்கத்துக்கே உரியது. கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆரோக்கியசாலை, படையெடுப்புக் காலத்தில் அழிந்தது. கருடவாகன பட்டர் என்பார் சக ஆண்டு 1415-இல், அதாவது கி.பி. 1493-இல், அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமாளை அங்கே எழுந்தருளச் செய்தார் என்பது அக்கல்வெட்டுச் செய்தி. தன்வந்திரி சந்நிதி இன்றும் கோயிலினுள் உள்ளது. நோயுற்றார் பொருட்டு வேண்டிக்கொள்ள வருவோர் அங்கே விளக்கேற்றிச் செல்கின்றனர்.